நான்கு நிமிட இயல்பான பேச்சு

எங்கள் தெருவில் என் கணவருக்கு ஹலோ சார் என்று பெயர். பெற்றவர்கள் யோசித்து வைத்த நல்ல பெயர் ஒன்றும் உண்டு. அது இப்போது மின்கட்டண ரசீதில் மட்டும் உயிரோடு இருக்கிறது. காலை எட்டரைக்கு எங்கள் மாடி ஜன்னலிலிருந்து "ஹலோ… ஹலோ… கேக்குதா?" என்று முதல் குரல் கிளம்பும். அது கேட்டதும் எதிர்வீட்டம்மா அடுப்பை அணைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புவாராம். எங்களால் தெருவுக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுதான்.

இணையம் வழியாகப் பேசும் கருவிகளைப் பற்றிச் செய்தியும் கருத்தும் எழுதுவது அவர் தொழில். இப்படியெல்லாம் ஒரு தொழில் உண்டா என்று கேட்பவர்களுக்கு நான் இப்போது பதில் சொல்வதில்லை. முதலில் அவர் தண்ணீர் வழங்கும் அலுவலகத்தில் புகார் பிரிவில் இருந்தார். பத்தொன்பது வருடம் ஊரார் குறையைக் கேட்டு, எதிரில் ஒருவர் வாயைத் திறந்ததும் காதை மட்டும் கொடுத்துவிட்டு மனதை வேறு வேலைக்கு அனுப்பிவிடும் வித்தை அவருக்குக் கைவந்திருந்தது. "அப்படியா… ம்… சரி… பார்க்கலாம்" என்ற நான்கு சொற்களில் ஒரு நாளையே ஓட்டிவிடுவார். அந்த வேலையை விட்டுவிட்டு வந்தபோது, இனிமேல் என்னிடமாவது முழுதாகப் பேசுவார் என்று நினைத்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

வந்தவர் ஒரு வார இதழில் தொடர் எழுத ஆரம்பித்தார். தலைப்பு, 'காது கொடுத்துக் கேட்டேன்'. பதினோரு வருடமாக வியாழன்தோறும் வருகிறது. இதழின் ஆசிரியர் இதுவரை ஒரு வரியைக்கூட வெட்டியதில்லை. படித்தால்தானே வெட்டுவதற்கு?

இந்தத் துறையில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை புரட்சி நடக்கும். போனிலிருந்து கம்பியை எடுத்தார்கள், புரட்சி. போனை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் எல்லோரும் சோபாவுக்கு அடியில் தேடியதும் கம்பியை மறுபடி மாட்டினார்கள், அது அடுத்த புரட்சி. ஒவ்வொரு புரட்சிக்கும் இவர் முதல் வாரம் வரவேற்பு எழுதுவார், மூன்றாம் வாரம் எச்சரிக்கை எழுதுவார், ஐந்தாம் வாரம் 'நான் அன்றே சொன்னேன்' என்று எழுதுவார். முதல் வாரம் வரவேற்றதும் இவர்தானே என்று யாரும் கேட்பதில்லை. கேட்க ஒரே ஒரு வாசகர் இருந்தார். வாராவாரம் கடிதம் போட்டுச் சண்டை பிடிப்பார். இவர் அவரைத் துறையின் எதிரி என்று அறிவித்துவிட்டார்.

நிறுவனங்கள் கருவிகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். கூழாங்கல் மாதிரி ஒன்று, சோப்புப் பெட்டி மாதிரி ஒன்று, காதுக்குள் போனால் வெளியே வராத ஒன்று. ஒரு முறை சுற்றுப்புற இரைச்சலை அடியோடு நீக்கும் ஹெட்செட் வந்தது. நாய் குரைப்பதை நீக்கியது, குழாய்ச் சத்தத்தை நீக்கியது, மிக்ஸியை நீக்கியது. நான் கதவில் சாய்ந்து நின்று சாப்பிடக் கூப்பிட்டேன், அதையும் நீக்கியது. மூன்றாவது முறை போய்த் தோளைத் தட்டியபோது பத்துக்கு ஒன்பதரை போட்டுக்கொண்டிருந்தார்.

"அரை மார்க் ஏன் குறைச்சீங்க?" என்று கேட்டேன்.

"உன் குரல் லேசா வந்துச்சு," என்றார்.

அவருடைய பெயரை நாலு பேருக்குத் தெரிய வைத்த கட்டுரை ஒன்று உண்டு. இனி தூரம் என்று ஒன்று கிடையாது, யாரும் யாரையும் பார்க்கப் பெட்டி தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை, பயணம் என்பது பழைய காலத்துச் சோம்பேறிகள் கண்டுபிடித்தது என்றெல்லாம் அதில் இருந்தது. அதை எழுதிய சமயத்தில், பக்கத்துத் தெருவில் இருக்கும் என் தம்பி வீட்டுக்கு நாங்கள் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது.

சரி, கருவியைச் சோதிக்க வேண்டுமானால் எதிர்முனையில் ஒரு ஆள் வேண்டும். பக்கத்து அறையில் என்னை உட்கார வைத்தால் சோதனை செல்லாது. தொலைவில் இருக்க வேண்டும், பொறுமை வேண்டும், கூப்பிட்ட நேரத்தில் எடுக்க வேண்டும், சம்பளம் கேட்கக் கூடாது. இவ்வளவும் உள்ளவர் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார், அவருடைய அக்கா, எனக்கு அண்ணி.

அண்ணி இருப்பது ரயிலில் ஒரு பகலும் இரண்டு இரவும் தள்ளி. அங்கே ஒரு ஆய்வகத்தில் ரத்தம் சோதிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. இவரைவிட எட்டு வயது பெரியவர். சின்ன வயதில் தம்பியை இடுப்பிலிருந்து இறக்காமல் சுமந்ததில் தனக்கு ஒரு பக்கம் தோள் சாய்ந்துவிட்டது என்று சொல்வார். அதை ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

சோதனைக்கு இவர் ஒரு படிவம் வைத்திருந்தார். முதல் கட்டத்தில் அண்ணி ஒன்றிலிருந்து பத்து வரை எண்ண வேண்டும். இரண்டாம் கட்டத்தில் ச, ஷ, ஸ என்று சீறல் எழுத்துகளைச் சொல்ல வேண்டும். மூன்றாவது கட்டத்துக்கு 'நான்கு நிமிட இயல்பான பேச்சு' என்று பெயர். அதில் அண்ணி மனதுக்குத் தோன்றியதைப் பேசலாம். இவர் கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேட்டு, தெளிவு, தாமதம், எதிரொலி, இரைச்சல், அறுபடல் என்று ஐந்து கட்டங்களில் மதிப்பெண் போடுவார். என்ன பேசுகிறார் என்று காதில் வாங்கினால் கவனம் சிதறிவிடுமாம். இன்னொன்று, ஒரு கருவிக்கு ஒரே ஓர் அழைப்பு. திரும்பக் கூப்பிடுவது நேர்மையில்லை என்பது அவர் கொள்கை.

இந்த நான்கு நிமிடங்களில்தான் அண்ணி பதினோரு வருடம் தம்பியோடு வாழ்ந்தார். முழங்கால் அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்ததை ஒரு மேசை போனில் சொன்னார். அதற்குத் தெளிவில் எட்டு கிடைத்தது. மாடிப்படியில் விழுந்ததைக் கூழாங்கல்லில் சொன்னார். எதிரொலி இருந்ததால் ஐந்து. இவர் யாரிடமாவது, "அக்காகிட்ட ஒரு வாரம் தவறாம பேசுறேன்" என்று சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வரும். கேட்பவர்கள், இந்தக் காலத்தில் இப்படி ஒரு தம்பியா என்று வியப்பார்கள். நான் பாத்திரம் கழுவப் போய்விடுவேன்.

என்னோடு அண்ணி பேசுவது ஞாயிறு காலை, என்னுடைய சாதாரண போனில். அதற்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை. இந்த வருட ஆரம்பத்தில் ஒரு ஞாயிறன்று, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"வீட்டை விக்கப் போறாராம் ஓனர். மூணு மாசத்துல காலி பண்ணணும். இந்த வயசுல நான் எங்கேன்னு புது வீடு தேடுறது? மூணாவது மாடி, நாலாவது மாடின்னு காட்டுறாங்க. கால் வேற இப்படி."

"இங்க வந்துடுங்க அண்ணி" என்று நான் உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறைத்து என்ன ஆகப்போகிறது? ஒரு நொடி யோசித்தேன். நாத்தனார் வீட்டோடு வந்தால் என்னென்ன மாறும் என்று அந்த ஒரு நொடியில் சமையலறையிலிருந்து குளியலறை வரை மனதுக்குள் ஒரு சுற்று போய் வந்துவிட்டேன். அண்ணியின் காது கெட்டிக்காரக் காது. அந்த ஒரு நொடி அவருக்குக் கேட்டுவிட்டது.

"நான் உன்கிட்ட கேக்கலம்மா," என்றார் அவசரமாக. "அவன்கிட்டதான் கேக்கப் போறேன். அவன் வாயால வான்னு சொல்லணும். நீ முன்கூட்டி ஒண்ணும் சொல்லிடாத. நீ சொல்லி அவன் கூப்பிட்டா அது உனக்காகக் கூப்பிட்டதா ஆயிடும். சத்தியம் பண்ணு."

பண்ணினேன். பாதி அவருக்காக, பாதி என் வசதிக்காக. அந்த ஊரிலேயே ஒரு விடுதியில், வயதானவர்கள் தங்கும் இடத்தில், தனக்கு ஒரு அறை சொல்லி வைத்திருப்பதாகவும், தம்பி கூப்பிடாவிட்டால் அங்கே போய்விடுவதாகவும் சொன்னார். மாதக் கடைசிவரை அந்த அறையைப் பிடித்து வைத்திருப்பார்களாம்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டை என்னவென்று சொல்ல? சத்தியத்தையும் மீறக் கூடாது, இவரையும் தட்டி எழுப்ப வேண்டும்.

"அக்காகிட்ட கொஞ்சம் பேசுங்களேன்," என்பேன்.

"நேத்துதானே பேசினேன், முழுசா நாலு நிமிஷம்."

"என்ன சொன்னாங்க?"

"மிட் ரேஞ்ச் கொஞ்சம் கம்மி. மத்தபடி நல்லா இருந்துச்சு."

இந்த மனுஷனை என்ன செய்வது? அந்த மாதம் இரண்டு சோதனைகளில் அண்ணி பேச்சை எடுத்துப் பார்த்தார். முதல் தடவை, "தம்பி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்று ஆரம்பித்ததும், இவர், "அதே வரிய மைக்க விட்டு ஒரு அடி தள்ளி நின்னு சொல்லு" என்றார். அண்ணி தள்ளி நின்று சொன்னார். "சூப்பர்" என்று இணைப்பைத் துண்டித்துவிட்டார். இரண்டாம் தடவை அண்ணி வாயைத் திறப்பதற்குள் நான்கு நிமிடம் முடிந்துவிட்டது. பேட்டரி விஷயத்தில் இவருக்குச் சந்தேகம் வந்து, அதிலேயே மூன்று நிமிடம் போய்விட்டது.

மாதக் கடைசி வாரத்தில் புதிதாக ஒரு கருவி வந்தது. நிறுவனம் இவருக்கு ஒன்றும் அண்ணிக்கு ஒன்றும் அனுப்பியிருந்தது. வெள்ளை நிறம், உள்ளங்கை அகலம். மனிதக் குரலை மூச்சு உட்பட அப்படியே கொண்டுவரும் என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருந்தது. இப்படி எழுதியிருந்தாலே இவருக்கு ஆகாது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நான் துணி மடிக்கிற சாக்கில் அதே அறையில் இருந்தேன். இவர் காதில் மாட்டியிருந்ததால் எனக்கு ஒரு பக்கப் பேச்சுதான் கேட்டது.

"ம்… சொல்லு. நாலு நிமிஷம், ஸ்டார்ட்… ம்… ம்…" கண்ணை மூடியிருந்தார். பென்சில் கட்டத்தின் மேல் தயாராக நின்றது. பிறகு முகத்தைச் சுளித்தார். "ஒடையுதுக்கா. மைக்க கிட்ட வெச்சு இன்னொரு தடவை சொல்லு." கொஞ்ச நேரம் கேட்டார். "இப்ப இன்னும் மோசமா இருக்கு. நடுங்குது. சரி விடு, ஒண்ணுலேர்ந்து பத்து எண்ணு பார்ப்போம்."

என் கையில் இருந்த சட்டை அப்படியே நின்றது. அண்ணி அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. இவர் இணைப்பைத் துண்டித்துவிட்டு, அறுபடல் என்ற கட்டத்தில் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டார்.

"என்னங்க சொன்னாங்க அக்கா?"

"எங்க கேட்டுச்சு? பாதிய இந்தச் சனியன் முழுங்கிடுச்சு."

"திரும்பக் கூப்பிட்டுக் கேளுங்க."

"அதெப்படி? ஒரு கருவிக்கு ஒரு அழைப்பு. பதினோரு வருஷமா மீறினதில்ல."

"இந்த ஒரு தடவை மீறுங்க. ஏதோ முக்கியமா சொல்ல வந்திருக்காங்க."

"முக்கியமா இருந்தா அவளே கூப்பிடுவா," என்றார். அக்காவின் தம்பி ஆயிற்றே, அதே பிடிவாதம் இவரிடம் இல்லாமல் எங்கே போகும் என்று நினைத்தபடி நான் துணிகளை அள்ளிக்கொண்டு போனேன். கோபத்தில் மடித்தது அத்தனையும் கசங்கிவிட்டது. அந்த நேரத்தில் சத்தியத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. நடந்த தப்பில் அது என் பங்கு.

வியாழக்கிழமை கட்டுரை வந்தது. வழக்கத்தைவிடக் காரம் அதிகம். ஒரு பகுதியை அப்படியே தருகிறேன்:

'நான்கு நிமிடம் இந்தக் குரலைக் கேட்பதற்குள் பொறுமை போய்விடுகிறது. எதிர்முனையில் இருப்பவர் நடுங்கும் குரலில் எதையோ கேட்கிறார். திரும்பவும் கேட்கிறார். என்ன கேட்டால் நமக்கென்ன, நிறுத்தினால் போதும் என்று தோன்றிவிடுகிறது. இப்படி ஒரு குரலை வீட்டுக்குள் கொண்டுவர யார்தான் விரும்புவார்கள்? பத்துக்கு ஒன்றரை.'

வாசகர்கள் கொண்டாடினார்கள். துணிச்சலான விமர்சனம் என்றார்கள். துறையின் எதிரிகூட முதல் முறையாகப் பாராட்டி எழுதினார். நிறுவனம் மறுப்பு அனுப்பியது, தங்கள் கருவியில் அப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்று. இவருக்குக் குஷி பிறந்துவிட்டது. சோதனை அழைப்புகளை எல்லாம் பதிவு செய்து வைப்பவர் ஆயிற்றே, அந்தப் பதிவை அப்படியே அவர்களுக்கு அனுப்பி, 'காதுள்ளவர் யாராவது உங்கள் நிறுவனத்தில் இருந்தால் கேட்டுவிட்டுப் பதில் எழுதட்டும்' என்று சவால் விட்டார்.

அந்த ஞாயிறு அண்ணி கூப்பிட்டார். குரல் மிகவும் சாதாரணமாக இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"பதில் வந்துடுச்சும்மா," என்றார். "அச்சுலயே வந்திருக்கு. நான் அவன் எழுதுறத ஒரு வாரம்கூட விடாம படிப்பேன், உனக்குத் தெரியும்ல?"

எனக்குத் தெரியாது. "அண்ணி, அது அந்தப் போனப் பத்தி எழுதினது. உங்களைப் பத்தி இல்ல."

"போன் என்னம்மா பண்ணுச்சு, பாவம். நான் பேசினத அப்படியே கொண்டுபோய்க் குடுத்திருக்கு. நாளைக்கு விடுதியில சேர்றேன். அறை நல்லாத்தான் இருக்கு. காத்து வருது. நீ அவன்கிட்ட எதுவும் சொல்லாத. இனிமே சொன்னா எனக்கு அசிங்கம்."

போனை வைத்துவிட்டு நான் அழுதேன். அழுதுகொண்டே இவருக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். "சளி பிடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

மூன்று வாரம் கழித்து நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. இவர் அதை உறையோடு தூக்கிக்கொண்டு சமையலறைக்கே வந்துவிட்டார். மன்னிப்புக் கடிதம் என்ற நம்பிக்கை. "கேளு, கேளு" என்று என்னை உட்கார வைத்து, நின்றபடியே சத்தமாகப் படித்தார்.

'ஐயா, தாங்கள் அனுப்பிய பதிவை எங்கள் ஒலிப் பிரிவு நான்கு முறை கேட்டது. இரு முனைகளிலும் தரவுகளைச் சரிபார்த்தது. இழப்பு ஏதும் இல்லை. தாங்கள் குறிப்பிட்ட இடங்களைப் பற்றிய விளக்கம் வருமாறு.

இரண்டு நிமிடம் நாற்பதாவது நொடி: எதிர்முனையில் உள்ளவர், வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் என்கிறார். குரல் தெளிவு.

இரண்டு நிமிடம் ஐம்பத்தெட்டாவது நொடி: "நான் அங்கயே உங்ககூட வந்து இருந்துடட்டுமாடா?" என்கிறார். குரலில் நடுக்கம் உள்ளது. கருவியில் இல்லை.'

இவர் குரல் இந்த இடத்தில் மெதுவானது. ஆனாலும் நிறுத்தவில்லை. புகார் பிரிவில் இருந்தவர், கையில் எடுத்த கடிதத்தைக் கடைசிவரை படித்துவிடும் பழக்கம்.

'மூன்று நிமிடம் இரண்டாவது நொடி: தாங்கள் அதைத் திரும்பச் சொல்லும்படி கேட்கிறீர்கள். அவர் அதே கேள்வியைச் சத்தமாகத் திரும்பக் கேட்கிறார். தாங்கள் எண்ணச் சொல்கிறீர்கள். அவர் எண்ணுகிறார். ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் ஆறு நொடி இடைவெளி. அந்த ஆறு நொடியும் எங்கள் கருவி அவருடைய மூச்சைச் சரியாக அனுப்பியிருக்கிறது.

முடிவு: கருவியில் குறை இல்லை. எதிர்முனையில் இருந்தவர் அழுதுகொண்டிருந்தார்.

இந்தப் புகாரை முடித்துவைக்க ஒரு விவரம் மட்டும் தேவை. அவர் கேட்ட கேள்விக்கு என்ன பதில் சொன்னீர்கள்? பதிவில் அது இல்லை.'

கீழே ஒரு பொறியாளரின் கையெழுத்து இருந்தது. யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும்.

இவர் கடிதத்தை அடுப்பு மேடையில் வைத்தார். மாடிக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். பதிவை எடுத்துப் போட்டார். ஹெட்செட் மாட்டிக்கொள்ளவில்லை, வெளியே கேட்கும்படி வைத்தார். அண்ணியின் குரல் அந்த அறை முழுக்க வந்தது. மூச்சு உட்பட அப்படியே வந்தது. எட்டு, ஒன்பது, பத்து என்று எண்ணி முடித்துவிட்டு, "போதுமாடா?" என்று கேட்டிருந்தார் அண்ணி. அதற்கும் பதில் இல்லை.

என் கணவர் அழுது நான் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தேன். சின்னப் பிள்ளை மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னா கேட்டிருப்பீங்களா?" என்று சுள்ளென்று கேட்டுவிட்டேன். அவர் தலை குனிந்ததும் எனக்குத் தாங்கவில்லை. "சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. அதுவும் ஒரு காரணம். அவங்க வர்றதுல எனக்கும் கொஞ்சம் யோசனை இருந்துச்சு. அதுவும் ஒரு காரணம்," என்று உள்ளதைச் சொன்னேன். விடுதியில் சேர்ந்ததையும், கட்டுரையை அண்ணி படித்ததையும் சொன்னேன். கட்டுரை என்றதும் அவர் முகம் செத்துவிட்டது. "அதையா படிச்சா? அதையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

பிறகு அக்காவைக் கூப்பிடப் போனை எடுத்தார். வைத்தார். வேறொன்றை எடுத்தார். அலமாரியில் நாற்பது, நாற்பத்தைந்து கருவிகள் இருக்கும், எல்லாவற்றின் முன்பும் நின்று பார்த்தார். நல்ல மதிப்பெண் வாங்கிய ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

"இதுல கூப்பிட்டா, இது எந்தக் கருவிக்குடான்னு கேப்பா," என்றார். "நான் போறேன்."

"எங்க?"

"அவகிட்ட."

பெட்டி கட்டுவது அவருக்கு மறந்தே போயிருந்தது. இரண்டு பனியனும் ஏழு சார்ஜரும் எடுத்து வைத்தார். நான் சார்ஜர்களை வெளியே எடுத்துவிட்டுச் சட்டைகளை வைத்தேன். ரயில் நிலையத்தில் எந்தப் பக்கம் டிக்கெட் கொடுப்பார்கள் என்று என்னைக் கேட்டார். சாயந்திரம் ஆறு மணி வண்டிக்கு ஏறிவிட்டார்.

போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு நான்கு நாள் பேச்சு மூச்சில்லை. இடையில் வியாழன் வந்து போனது. இதழின் ஆசிரியர் போன் செய்து, கட்டுரை எங்கே என்று கேட்டார்.

"வெளியூர் போயிருக்கார்," என்றேன்.

"அவரா? வெளியூரா?" என்றார் ஆசிரியர். கட்டுரைகளைக் கொஞ்சம் படித்திருக்கிறார் போலிருக்கிறது.

அந்த நான்கு நாளும் நான் சும்மா இல்லை. அண்ணி வர மாட்டார் என்று ஒரு மனம் சொல்லும். நானாக இருந்தால் வரமாட்டேன். ஊர் படிக்க, உன் குரலைக் கேட்கப் பொறுமையில்லை என்று எழுதியவன் வீட்டுக்கு யார் வருவார்கள்? வந்துவிட வேண்டும் என்று இன்னொரு மனம் அடித்துக்கொள்ளும். எனக்கே ஆச்சரியம்தான். ஒரு நொடி யோசித்தவள், நான்கு நாளாக வேறு யோசனையே இல்லாமல் இருந்தேன்.

ஐந்தாம் நாள் காலை என் போன் அடித்தது. அண்ணி. குரல் கரகரவென்று, பாதி காற்றாக வந்தது.

"தொண்டை கட்டிடுச்சா அண்ணி?"

"கட்டாம? நாலு நாளா எதிர்ல உக்காந்துக்கிட்டு அப்புறம், அப்புறம்னு கேக்குறான் உன் புருஷன். முழங்கால் ஆபரேஷன்லேர்ந்து ஆரம்பிச்சுச் சொல்லணுமாம். ஒவ்வொண்ணுக்கும் அழுகை வேற. விடுதியில இருக்கிறவங்க எல்லாம் யாரு செத்துட்டாங்கன்னு வந்து விசாரிச்சுட்டுப் போறாங்க."

சிரிக்கப் பார்த்தார், இருமலாக வந்தது.

"இப்ப என்ன பண்றாரு?"

"மூட்டை கட்டிக்கிட்டு இருக்கான்."

"அவரோடதா?"

"என்னோடது," என்றார் அண்ணி. "வான்னு சொல்லிட்டான். ஒரு தடவை இல்ல, நூறு தடவை சொல்லிட்டான். ஆனா வீடு உன்னோடதும்தானேம்மா. அன்னிக்கு நான் சொன்னப்ப நீ ஒண்ணும் பேசல. அது எனக்குக் கேட்டுச்சு. அதான், கிளம்புறதுக்கு முன்னாடி உன்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு."

அடுப்பை அணைத்துவிட்டுப் போனைக் காதோடு சேர்த்துப் பிடித்தேன். அந்தப் பக்கம் அண்ணி காத்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கப் பழகியவர்.

"வாங்க அண்ணி," என்றேன்.